வீட்டுப்பாடத்தை முதல் வரியில் எழுத விடுங்கள்

கல்வியியல் கல்லூரிகளில் மொழிப்பாடக் கற்பித்தல் முறைகளைச் சொல்லித்தரும் பேராசிரியப் பெருமக்களுக்கும், பி.எட். பாடத்திட்டத்தை வகுக்கும் குழுக்களில் இருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

தமிழ் கற்பித்தலைப் பாடமாக எடுத்து பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவ ஆசிரியை நான். பதினாறு வாரக் கற்பித்தல் பயிற்சியை அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முடித்துக்கொண்டு சென்ற மாதம்தான் கல்லூரிக்குத் திரும்பினேன். பயிற்சியின் ஏழாவது வாரத்தில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

அன்று ஒன்பதாம் வகுப்பில் 'வல்லினம் மிகும் இடங்கள்'. பிள்ளைகள் ஐந்தைந்து பேராகத் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு நோட்டு. முந்தைய நாள் மாலை கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போகும்போது பார்த்து எழுதிவந்த பலகைகள் அதில் இருந்தன. 'துணி கடை', 'தேநீர் கடை', 'சாலை பணி நடைபெறுகிறது', 'எச்சரிக்கை பலகை'. எங்கே ஒற்று விடுபட்டிருக்கிறது, ஏன் அங்கே அது வர வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கூடுதலாகத்தான் இருந்தது. 'வேலை கொடுத்தான்', 'வேலைக் கொடுத்தான்' என்ற இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு குழுவிடம் கேட்டிருந்தேன். அதில் ஒரு பையன் எழுந்து நின்று, கையில் வேல் இருப்பதாக வைத்துக்கொண்டு முருகனைப்போல் நீட்டிக் காட்டினான். "க் வந்தால் இது. க் வராவிட்டால் மேஸ்திரி கொடுக்கிற வேலை" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் என்னை மேற்பார்வையிட வந்த பேராசிரியர் வாசலில் நின்றார்.

பத்து நிமிடம் நின்று பார்த்தார். பிறகு என்னை அருகே அழைத்து, "எல்லாம் சரிம்மா, பாடம் எப்போது நடத்தப்போகிறாய்?" என்று கேட்டார். குரலில் கடுமை இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உற்றுநோக்கல் படிவத்தில் அவர் எழுதிய குறிப்பை மாலையில் பார்த்தேன். ஆசிரியர் விளக்கம் போதவில்லை, கரும்பலகை பயன்படுத்தப்படவில்லை, வகுப்பறைக் கட்டுப்பாடு மேம்பட வேண்டும் என்று மூன்று வரிகள்.

அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் படிவத்தில் இருந்த கட்டங்களை அவர் நிரப்பினார், அவ்வளவுதான். ஆனால் அதே பேராசிரியர்தான் முதலாம் ஆண்டில் எங்களுக்குத் தலைகீழ் வகுப்பறையைப் பற்றிப் பாடம் எடுத்தார். விளக்கத்தைப் பிள்ளைகள் முன்கூட்டியே கேட்டுவிட்டு வர, வகுப்பு நேரத்தைப் பயிற்சிக்கும் விவாதத்துக்கும் வைத்துக்கொள்ளும் முறை அது. ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்றால் என்ன, அதன் படிநிலைகள் என்ன, நன்மைகள், குறைகள் என்று நாற்பத்தைந்து நிமிடம் திரையில் படங்களைப் போட்டுக்காட்டி நடத்தினார். நாங்கள் குறிப்பெடுத்தோம். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக அது வந்தது. எழுதினோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். ஓராண்டு கழித்து அதே முறையை நான் வகுப்பில் செய்து பார்த்தபோது எங்கள் இருவருக்குமே அது அடையாளம் தெரியவில்லை. அவருக்குப் பாடம் நடக்காததாகத் தெரிந்தது. நான் செய்தது சரிதான் என்று எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு வகுப்பில் நான் ஒருநாளும் மாணவியாக உட்கார்ந்ததில்லை.

இந்த மடலில் நான் கேட்பது அது ஒன்றைத்தான். தலைகீழ் வகுப்பறையைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள். எங்களை அதற்குள் உட்கார வைத்து நடத்துங்கள்.

இந்த முறை எங்கே, எதற்காகத் தொடங்கியது என்பதை நானாகத் தேடிப் படித்தபோதுதான் அதன்மீது எனக்குப் பிடிப்பு ஏற்பட்டது. 2007இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், உட்லண்ட் பார்க் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைக் காணொளியாகப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். காரணம் மிக எளியது. விளையாட்டுப் போட்டிகளுக்காகவும் மற்ற நிகழ்ச்சிகளுக்காகவும் நெடுந்தூரம் பயணம் போகும் பிள்ளைகள் வகுப்பைத் தவறவிட்டார்கள். வராத பிள்ளைக்காகத்தான் அந்தப் பதிவு. பிறகுதான், வந்த பிள்ளைகளும் அதை வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்தால் வகுப்பு நேரம் முழுவதையும் ஐயம் தீர்ப்பதற்கும் செய்து பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது.

வராத பிள்ளைக்காகத் தொடங்கிய ஒன்று, எங்கள் பதிவேடுகளில் கைப்பேசி இருக்கும் பிள்ளைக்கான ஒன்றாக மாறிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல்முறை நானும் அந்தத் தவற்றைத்தான் செய்தேன்.

ஆறு நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் கேட்டபோது நாற்பது பேரில் ஒன்பது பேர் கை தூக்கினார்கள். மற்றவர்களைத் திட்ட வாயெடுத்தேன். வழிகாட்டி ஆசிரியையான தமிழம்மா கையைக் காட்டி என்னைத் தடுத்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து காரணம் சொல்லச் சொன்னார். அப்பா கொத்தனார், வேலைக்குப் போகும்போது போனை எடுத்துச் சென்றுவிடுவார், இரவு வந்ததும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார் என்றான் ஒருவன். போன் அண்ணன் கையில் இருக்கிறது, கேட்டால் அடிப்பான் என்றாள் ஒருத்தி. மாதக் கடைசி, ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று மூன்று பேர். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் போன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றாள் இன்னொருத்தி, தலையைக் குனிந்துகொண்டு. பதினைந்து நிமிடம் அந்தக் காரணங்களைக் கேட்டேன். நான் படித்த 'குறைகள்' என்ற தலைப்பின் கீழ் 'இணைய வசதியின்மை' என்று ஒரே சொல்லாக இருந்தது இவ்வளவும்.

எங்கள் தலைமுறைக்கு இது புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2020இல் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டபோது என் பி.ஏ. முதலாம் ஆண்டைக் கைப்பேசித் திரையில்தான் தொடங்கினேன். சிக்னலுக்காக மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்து தொல்காப்பிய வகுப்பைக் கேட்டவள் நான். பேராசிரியர் என் பெயரைச் சொல்லி அழைத்தபோது இணைப்பு அறுந்து, பதில் சொல்லாதவளாகப் பதிவான நாள்கள் உண்டு. ஆகவே இணையவழிக் கற்றல் என்றவுடன் எங்களில் பலருக்கு உற்சாகம் வருவதில்லை, ஒரு சோர்வுதான் வருகிறது. எங்களைப் பயிற்றுவிக்கும்போது அந்தச் சோர்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இளைய பிள்ளைகள், எந்நேரமும் போனும் கையுமாக இருப்பவர்கள், இதெல்லாம் இவர்களுக்கு எளிது என்று நினைத்துவிடாதீர்கள். கைப்பேசியில் படம் பார்க்கத் தெரிவதும் கைப்பேசியை வைத்து ஒரு பிள்ளைக்கு மொழி கற்பிக்கத் தெரிவதும் வெவ்வேறு திறன்கள்.

இரண்டாம் முறை நான் காணொளியைக் கைவிட்டேன். குரலை மட்டும் பதிவு செய்தேன், நான்கரை நிமிடம். அந்த, இந்த என்னும் சுட்டுகளின் பின்னும், எந்த என்னும் வினாவின் பின்னும், இரண்டாம் வேற்றுமை வெளிப்படையாக வரும் இடத்திலும் வல்லினம் மிகும் என்ற மூன்று விதிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எடுத்துக்காட்டுகள், கடைசியில் ஒரே ஒரு கேள்வி. கைப்பேசி இருக்கும் பிள்ளைகள் வீட்டில் கேட்கட்டும். மற்றவர்களுக்காகத் தோழி ஒருத்தியிடமிருந்து சிறிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை இரவல் வாங்கி, காலை இறைவணக்கத்துக்கு முன்னால் கால்மணி நேரம் பள்ளி வேப்பமரத்தடியில் ஒலிக்கவிட்டேன். முதல் நாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நான்காம் நாள், வீட்டில் கேட்ட பிள்ளைகளும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். நான் அழைக்கவில்லை. பலகைகளை எழுதிவந்து வாதாடிய வகுப்பு, அந்த மரத்தடியிலிருந்து வந்ததுதான்.

தலை குனிந்து நின்ற அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரல் பதிவு என்பதால் படம் பார்க்கிறாள் என்ற பேச்சு வராது என்று நினைத்தாளோ என்னவோ, விடிகாலை ஐந்து மணிக்கு அப்பா எழுவதற்கு முன்னால் அவர் போனை எடுத்து அடுப்பங்கரையில் வைத்துக் கேட்டிருக்கிறாள். "மூன்று தடவை கேட்டேன் டீச்சர்" என்றாள். அன்று அவள் குழுவில் மற்ற நால்வருக்கும் விதியை விளக்கியது அவள்தான். அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் அவள் குரலை வகுப்பில் நான் கேட்டதே இல்லை.

மூன்று தடவை என்று அவள் சொன்னதும் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பி.ஏ. படிக்கும்போது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பொதுப்பாயிரம்தான். ஒரு நூலை ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் அதில் பிழைபடமாட்டான், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து எடுத்துச் சொல்லுவான் என்கிறார் பவணந்தி முனிவர். அதோடு நிற்கவில்லை. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் கைவரும், உடன்பயில்வோரோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால், தான் பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் மீதி அரை என்று கணக்குச் சொல்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கணக்கு இது. நாற்பத்தைந்து நிமிட வகுப்பை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கால் பங்கு மட்டுமே தரக்கூடிய ஒன்றுக்கு முழு வகுப்பையும் கொடுத்துவிட்டு, முக்கால் பங்கு தரும் இரண்டையும் பிள்ளைகளின் தனிப்பாட்டுக்கு விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பக் கேட்கும் வாய்ப்பை ஒரு குரல் பதிவு தரும். வகுப்பு நேரம் உடன்பயில்வதற்கும் எடுத்துரைப்பதற்கும் மீளும். இந்த முறையைக் கொலராடோவிலிருந்து வந்ததாகச் சொல்லி மட்டும் எங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழாசிரியராகப் போகிறவர்களிடம் நன்னூலிலிருந்தே தொடங்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் தலைகீழாக்கலாம் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்குள் பெரிய விவாதமே இதில்தான் நடந்தது. மொழிப்பாடம் வேதியியல் அல்ல. அங்கே விளக்கம் ஒன்று, பயிற்சி ஒன்று என்று பிரித்துவிட முடியும். மொழியில் பல இடங்களில் அது முடியாது.

அதே ஒன்பதாம் வகுப்புப் பாடநூலின் கவிதைப்பேழையில் முத்தொள்ளாயிரப் பாடல் ஒன்று இருக்கிறது. சேரநாட்டு வயல்களில் செவ்வாம்பல் பூக்கிறது. நீருக்குமேல் அத்தனை சிவப்பைப் பார்த்த பறவைகள் வெள்ளத்தில் தீப்பிடித்துவிட்டது என்று அஞ்சி, குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொள்கின்றன. இதை நான் வகுப்பில் என் குரலில் இரண்டு முறை பாடிவிட்டு, பொருள் சொல்லாமல், சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். 'வெள்ளம் தீப்பட்டது' என்ற இடத்துக்கு வந்ததும் முன்வரிசைச் சிறுவன் ஒருவன், "தண்ணீர் எப்படி டீச்சர் தீப்பிடிக்கும்?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "தீ இல்லை, பூ!" என்று கத்தினாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் தமிழ் படித்தேன் என்று தோன்றியது. பொருளுரையோடு கூடிய காணொளியை முதல்நாள் இரவே அனுப்பியிருந்தால் அந்தக் கேள்வியும் வந்திருக்காது, அந்தக் கத்தலும் வந்திருக்காது. எல்லோருக்கும் விடை தெரிந்திருக்கும், யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள்.

ஆகவே என் கருத்து இது. பாடநூலில் 'கற்கண்டு' என்ற பகுதியில் வரும் இலக்கணத்தை வகுப்புக்கு வெளியே அனுப்புங்கள். ஆசிரியர் குறிப்பு, நூற்குறிப்பு, சொல்லும் பொருளும் போன்றவற்றையும் அனுப்பலாம், அவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டே எத்தனையோ வகுப்புகள் வீணாகின்றன. உரைநடைப் பாடத்தின் முதல் வாசிப்பையும் அனுப்பலாம். கவிதையின் முதல் வாசிப்பை மட்டும் அனுப்பாதீர்கள். அது ஆசிரியர் குரலில், நாற்பது பேரும் ஒன்றாக இருக்கும்போது நடக்க வேண்டும். பாடி முடித்த பிறகு, சந்தம் மனத்தில் தங்குவதற்காக அந்தக் குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். ஆங்கிலம் கற்பித்தல் எடுத்திருக்கும் என் தோழிகள் இதில் என்னோடு உடன்படவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் அந்த மொழியைக் கேட்கவே வாய்ப்பில்லை என்பதால், கவிதையானாலும் முன்கூட்டியே பல முறை ஒலி காதில் விழுந்துவிட்டால்தான் வகுப்பில் வாய் திறக்கிறார்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரியாகவே படுகிறது. தாய்மொழிக்கு ஒரு முறை, பிற மொழிக்கு ஒரு முறை என்று எங்களுக்குப் பிரித்துச் சொல்லித்தர யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். எங்கள் பி.எட். பாடநூலில் 'மொழிப்பாடங்கள்' என்று ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது.

கருவிகளுக்கு வருகிறேன். இரண்டாண்டு பி.எட். வந்தபோது, தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை ஆராய்ந்து புரிந்துகொள்வதற்கென்றே தனித் தாள் ஒன்று வைக்கப்பட்டது. 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கொண்டுவந்த அமைப்பில் அதன் பெயரிலேயே 'ஆய்ந்து' என்ற பொருள் இருக்கிறது. நாங்கள் அந்தத் தாளுக்காகச் செய்தது என்ன? கூகுள் ஃபார்ம்ஸ், கஹூட், பேட்லெட், கேன்வா எனப் பத்துக் கருவிகளைத் திறந்து, ஒவ்வொன்றின் திரையையும் படமெடுத்து, ஜெராக்ஸ் கடையில் வண்ணத்தில் அச்செடுத்து, பதிவேட்டில் ஒட்டி, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டோம். அந்தப் பதிவேட்டுக்கு நான் செலவு செய்த பணத்தில் எனக்கென்று ஒரு ஸ்பீக்கர் வாங்கியிருக்கலாம்.

ஆய்ந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று பயிற்சிக் காலத்தில் கண்டுகொண்டேன். கூகுள் ஃபார்மில் ஒரு வினாடி வினா வைத்தேன். துணி, கடை இரண்டையும் சேர்த்து எழுதுக என்பது வினா. 'துணிக்கடை' என்று விடையைக் கொடுத்து வைத்திருந்தேன். 'துணிக் கடை' என்று இடம் விட்டு எழுதிய பிள்ளைகள் அனைவருக்கும் பூஜ்யம். ஒற்றெழுத்தை அவர்கள் சரியாகவே போட்டிருந்தார்கள். இப்படி எழுதினாலும் சரி என்று நான் முன்பே அந்தப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை. தமிழில் ஒரே விடையை எத்தனை விதமாகச் சரியாக எழுதலாம் என்று யோசித்து வைப்பது தமிழாசிரியர் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யாமல் கருவியிடம் திருத்தக் கொடுத்தால், சரியாக எழுதிய பிள்ளை தான் தவறு என்று நம்பிவிடுகிறது.

கஹூட் என்னும் வினாடி வினா விளையாட்டு பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது, மறுக்கமாட்டேன். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒருநாள் வைத்தபோது மணி அடித்த பிறகும் எழுந்து போக மறுத்தார்கள். ஆனால் வேகமாக அழுத்துபவருக்குக் கூடுதல் புள்ளி என்ற ஏற்பாட்டில், நிதானமாக யோசிக்கும் பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதற்கு ஒரு சொல்கூட எழுத வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. மொழி வகுப்பில் பேசாமலும் எழுதாமலும் வெல்ல முடிகிற ஒரு விளையாட்டுக்கு எவ்வளவு இடம் தருவது? வாரக் கடைசியில் பத்து நிமிடம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். இப்படி ஒவ்வொரு கருவியையும் மொழிக்கு என்ன செய்கிறது என்று கேட்டுப் பார்ப்பதைத்தான் அந்தத் தாள் எங்களுக்குக் கற்றுத்தந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் வகுப்பில் தமிழ் கற்பித்தல் எடுத்தவர்களில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்குகிறோம், அல்லது கைப்பேசியில் பேசி எழுத வைக்கிறோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் எழுத்தின் உயிரும் மெய்யும் சேரும் முறையை விரல் வழியாகவே சொல்லித்தரக்கூடிய அமைப்பு. நாளை கணினி அறையில் ஒரு பிள்ளை 'தமிழில் எப்படி டைப் அடிப்பது?' என்று கேட்டால், ஆங்கில எழுத்து வழியாகப் போ என்று ஒரு தமிழாசிரியை சொல்வதா? பத்துக் கருவிகளின் படத்தை ஒட்டச் சொல்வதற்குப் பதிலாக ஒரு மாதம் எங்களைத் தட்டச்சுப் பழக வைத்திருந்தால் அது வாழ்நாள் முழுதும் நின்றிருக்கும்.

எல்லாக் காணொளிகளையும் நாங்களே எடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் தேவையற்றது. கல்வித் தொலைக்காட்சி 2019இலிருந்து ஒளிபரப்பாகிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன. 2023இல் பாடக் காணொளிகள் கொண்ட மணற்கேணி செயலி வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் இலக்கியமும் உரையும் கொட்டிக்கிடக்கின்றன. இவற்றில் ஒன்றைக்கூட எங்கள் கற்பித்தல் முறை வகுப்பில் சேர்ந்து பார்த்து, இது ஒன்பதாம் வகுப்புக்குப் பொருந்துமா, இந்த விளக்கம் போதுமா, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்று நாங்கள் பேசியதில்லை. இருப்பதைத் தேர்ந்தெடுக்கத் தெரிவது புதிதாக எடுக்கத் தெரிவதைவிடப் பெரிய திறன் என்பது என் அனுபவம். ஆறு நிமிடக் காணொளிக்கு எனக்கு ஒரு மாலை முழுதும் போனது.

மாலைப்பொழுது எல்லோருக்கும் இருப்பதில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு இரண்டு வயதுக் குழந்தை. வீட்டு வேலை முடிந்து, குழந்தை தூங்கி, தெரு அடங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்குத்தான் அவளால் குரல் பதிவு செய்ய முடியும். மறுநாள் காலை ஏழு மணி பஸ். இந்த முறை ஆசிரியரின் வேலையைக் குறைப்பதில்லை, அதை வகுப்பிலிருந்து வீட்டுக்கு இடம் மாற்றுகிறது என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர நினைப்பவர்களுக்கு வேறு அச்சம். நாம் எடுத்த காணொளிகளைப் பள்ளி வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு நம்மையே வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டம் தெரிந்த யாரையாவது அழைத்து ஒரு மணி நேரம் பேச வைத்தால் நூறு பேருக்குப் பயன்படும்.

பெண்கள் பலரும் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் ஒன்றை நான் எழுதிவிடுகிறேன். எங்கள் முகம் தெரியும் காணொளி எத்தனை கைப்பேசிகளுக்குப் போகும், யார் அதை வெட்டி ஒட்டுவார்கள் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. வகுப்புக் குழுவில் சேர்ந்த மறுவாரமே தெரியாத எண்களிலிருந்து இரவில் செய்தி வந்த தோழிகள் உண்டு. காணொளியில் முகம் காட்டாதவருக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மொழியாசிரியரிடம் முதன்மையானது குரல். ழகரமும் லகரமும் ளகரமும் வேறுபடும் இடத்தைப் பிள்ளை எங்கள் குரலில்தான் கேட்க வேண்டும். பயிற்சிக்கு வருவோரின் சொந்த எண்ணைக் கொடுக்காமல், பள்ளியின் எண் வழியாகவோ வழிகாட்டி ஆசிரியர் வழியாகவோ பதிவுகளை அனுப்பும் நடைமுறையும் வேண்டும்.

இனி, நீங்கள் மனம் வைத்தால் அடுத்த பருவத்திலேயே மாற்றக்கூடியவை.

நாங்கள் எழுதும் பாடக்குறிப்பின் அமைப்பைப் பாருங்கள். ஆயத்தப்படுத்துதல், பாட வளர்ச்சி, தொகுத்தல், மதிப்பிடுதல் என்று போய்க் கடைசி வரியில் 'வீட்டுப்பாடம்' வருகிறது. நாற்பது பாடக்குறிப்புகளும் இதே வரிசையில்தான் இருக்க வேண்டும், மாற்றினால் கையொப்பம் கிடைக்காது. வகுப்புக்கு முன் பிள்ளை என்ன கேட்டுவிட்டு வருகிறது என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை. என் 'வல்லினம் மிகும் இடங்கள்' பாடக்குறிப்பில், மரத்தடியில் நடந்ததை எழுத வழியில்லாமல், நடக்காத ஒரு ஆயத்தப் பகுதியைக் கற்பனையாக எழுதிக் கையொப்பம் வாங்கினேன். உண்மையாக நடத்திய வகுப்புக்குப் பொய்யான பாடக்குறிப்பு எழுதியது இன்னும் உறுத்துகிறது. நாற்பதில் ஐந்து பாடக்குறிப்புகளிலாவது வீட்டுப்பாடத்தை முதல் வரியில் எழுத விடுங்கள். கைப்பேசி இல்லாத பிள்ளை அந்த முன்பாடத்தை எங்கே, எப்போது, எப்படிக் கேட்கும் என்பதற்கு ஒரு கட்டாய வரியும் சேருங்கள். அந்த வரியை நிரப்ப முடியாதவர் அந்த வகுப்பைத் தலைகீழாக்க வேண்டாம்.

உற்றுநோக்கல் படிவத்தில் ஆசிரியர் எவ்வளவு விளக்கினார் என்பதற்கு இருக்கும் கட்டத்தோடு, எத்தனை பிள்ளைகள் பேசினார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். வகுப்பில் எழும் சத்தம் பாடத்தைப் பற்றியதா என்று பார்ப்பவர் இரண்டு நிமிடம் ஒரு குழுவின் அருகே உட்கார்ந்து கேட்டாலே தெரிந்துவிடும். கருவிகளின் படம் ஒட்டும் பதிவேட்டை எடுத்துவிட்டு, நாங்கள் நடத்திய ஒரு வகுப்பின் பத்து நிமிட ஒலிப்பதிவையும், அதைக் கேட்டு நாங்களே எழுதும் இரண்டு பக்கக் குறிப்பையும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் தாளில் ஏதாவது ஓர் அலகை இந்த முறையில் எங்களுக்கு நடத்துங்கள். நீங்கள் பேசி அனுப்புங்கள், நாங்கள் இரண்டு முறை, மூன்று முறை கேட்டுவிட்டு வருகிறோம். வகுப்பில் எங்களை வாதாட விடுங்கள். எங்களில் கேட்காமல் வந்தவர்களை என்ன செய்வது என்று நீங்களும் தவிப்பீர்கள். அந்தத் தவிப்பை எங்கள் கண்முன்னே நீங்கள் எப்படிக் கடக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொள்ள முடியும். கற்பித்தல் முறைத் தாளில் நூற்பாவின் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட அது எங்களுக்கு வேண்டியிருக்கிறது.

பயிற்சி முடிந்து விடைபெற்ற நாளில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்த நான்கரை நிமிடப் பதிவில் 'எந்தத் தெரு' என்று நான் சொன்ன இடத்தில் 'த்' சரியாகக் கேட்கவில்லையாம். மறுபடி பேசி அனுப்ப முடியுமா என்று கேட்டாள். திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நேற்றிரவு அதைப் புதிதாகப் பதிவு செய்து தமிழம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை மரத்தடியில் அதை ஒலிக்கவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் யாருக்காவது வர முடிந்தால், இறைவணக்கத்துக்கு முன்னால் ஒன்பது மணிக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
தமிழ் கற்பித்தல் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவ ஆசிரியை